பெரியகாண்டிக்குப் போன பதில்

பன்னிரண்டு மணிக்கு வந்திருக்கிறவளுடைய அம்மா பேசுவாளாம். இங்கே பன்னிரண்டு என்றால் மலேசியாவில் ரெண்டரை. மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, செல்போன் முன்னால் வந்து உட்காருவாளாம். இப்போது மணி பதினொன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம் இந்த மனுஷியோடு இதே கூடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டது நானில்லை. கூப்பிட்டவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், என் பிள்ளை கதிரேசன். ஃபேஸ்புக்கில் யாரோ தாத்தா பேரையும் துறையூரையும் போட்டு, இவருடைய குடும்பத்தைத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார்களாம், இவன் உடனே கையைத் தூக்கியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கையைத் தூக்காதவன். "அம்மா, நம்பவே மாட்டே, உனக்கு மலேசியாவில ஒரு அக்கா இருக்காங்க" என்று போனில் கத்தினான். நம்பவே மாட்டேனாம். ஐம்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த ஒன்றை எனக்கே சொல்லிவிட்டு, நான் பேசாமல் இருந்ததை சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். அட்ரஸ் கொடுத்தான், போன் நம்பர் கொடுத்தான், வீட்டு வாசல் போட்டோவைக்கூட அனுப்பியிருக்கிறான், வழி தவறக் கூடாது பார். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குத்தான் லீவே லீவு, ரிட்டையர் ஆனவள், எனக்கென்ன.

வந்தவள் பேர் யோகேஸ்வரி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்தாள். சித்திரை வெயிலில் சாக்ஸ். வந்ததும் "சின்னம்மா" என்று காலில் விழுந்தாள். ஐம்பத்து மூன்று வயது, என்னைவிடப் பன்னிரண்டு வயதுதான் சின்னவள், எழுந்திருக்கும்போது முட்டி சொடுக்கியது. முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும் என்று தோன்றியது, கை போகவில்லை. "பசியாறியாச்சா சின்னம்மா?" என்றாள். இட்லி தின்றாயா என்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்பார்களாம். வாசலில் நிற்கிற வாடகைக் காரைக் காடி என்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு லா. ரொம்ப சூடு லா, ஒண்ணும் வேணாம் லா, தண்ணி நானே வச்சிருக்கேன் லா. சொந்தத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறாள், என் வீட்டுத் தண்ணீர் அவள் வயிற்றுக்கு ஆகாது, ஆனால் என் அப்பன் மட்டும் அவளுக்கு ஆகிறான். நான் நீங்க வாங்க என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். "என்ன சின்னம்மா, மகள்கிட்ட போய் நீங்க நாங்கன்னு" என்று சிரிக்கிறாள். சிரிக்கும்போது மூக்கு விரிகிறது. அந்த மூக்கை நான் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். அப்பாவின் மூக்கு எனக்கு வரவில்லை, கதிரேசனுக்கும் வரவில்லை, கடலைத் தாண்டிப் போய் இவள் மூஞ்சியில் உட்கார்ந்திருக்கிறது.

தரையில் ஒரு சார்ட்டை விரித்துவிட்டாள். டீப்பாய் முழுக்க அவள் பை, மூக்குக் கண்ணாடிக் கூடு, எனக்கென்று கொண்டுவந்த பிஸ்கட் டின். சார்ட்டில் கட்டம் கட்டமாகப் பேர்கள். மேலே நடுவில் மருதையன், என் அப்பா, அவருக்குப் பக்கத்தில் முனியம்மா, கீழே இவள் அம்மா பெரியகாண்டி, அதற்கும் கீழே ஏழெட்டுக் கட்டங்கள், பேரப்பிள்ளைகள் வரைக்கும். மருதையனுக்கு இன்னொரு பக்கம் புதிதாக ஒரு கோடு, பென்சிலில், அதன் முனையில் கட்டம் மட்டும் இருக்கிறது, காலியாக. அது நானும் என் அம்மாவும். பென்சில் கோடு. "தாத்தா போட்டோ ஒண்ணாச்சும் இருக்கா சின்னம்மா?" என்று கேட்டாள். கரையான் அரித்துவிட்டது என்றேன். காலையில் ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தால் கதிரேசனுக்கு அப்போதாவது லீவு கிடைத்திருக்கும். படத்தை மறைத்தது படத்துக்காக இல்லை. கண்ணாடிக்குக் கீழே பெயிண்டில் எழுதியிருக்கிறது, மறைவு 14-7-1972 என்று. இவள் சார்ட்டில் மருதையன் பேருக்குக் கீழே 1964 என்று இருக்கிறது. சிவப்பு மையில், கோடு போட்டு.

எதிர்வீட்டு விசாலம் நேற்றே சொன்னாள், "பாத்து இருங்கக்கா, வீட்டுல பங்கு கேட்டு வந்திருப்பாங்க" என்று. கேட்டால்கூட நன்றாக இருந்திருக்கும். பங்கு கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட், எத்தனை வாரிசுச் சான்றிதழ் இந்த விரலால் அடித்திருக்கிறேன். இறந்தவர் பெயர், இறந்த தேதி, வாரிசுகள் ஒன்று, இரண்டு, மூன்று. ரெண்டு பெண்டாட்டிக்காரன் செத்தால் ரெண்டு பக்கத்துப் பெண்களும் என் மேஜைக்கு முன்னால் நின்று ஒருத்தியை ஒருத்தி தேவடியாள் என்று திட்டுவார்கள், நான் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டிருப்பேன். பேனாவால் எழுதுகிற வேலை வந்தபோது வேண்டாம் என்று டைப்ரைட்டிங் படித்துப் போனவள் நான். மெஷின் எழுத்தில் யார் எழுதியது என்று தெரியாது. இவள் பங்கு கேட்கவில்லை. இவளுக்கு வேண்டியது அதைவிட மோசம். மண் ஒரு பிடி வேண்டுமாம், அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க. அப்பா எப்படி நடப்பார், வெற்றிலை போடுவாரா, கோபம் வருமா, பாட்டு பாடுவாரா. ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். நான் சொல்கிற ஒவ்வொன்றும் பத்து வயசுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியதுதானா என்று சரிபார்த்துச் சரிபார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார், சொல்லலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், சொல்லலாம். எனக்கு டைப்ரைட்டிங் ஃபீஸ் கட்டக் கூட வந்தார், கூடாது, கூடாது, அப்போது எனக்குப் பதினேழு. வாயை மூடிக்கொண்டேன். "என்னமோ சொல்ல வந்தீங்க?" என்றாள். மறந்துவிட்டது என்றேன்.

பிறகு பையிலிருந்து அதை எடுத்தாள். எடுப்பாள் என்று எனக்கு ராத்திரியிலிருந்தே தெரியும். பிளாஸ்டிக் உறைக்குள் நீல நிற ஏர்மெயில் காகிதம், மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி. "இதுதான் சின்னம்மா, தாத்தா செத்த சேதி வந்த காகிதம்" என்று என் மடியில் வைத்துவிட்டாள். கைக்குழந்தையை வைப்பதுபோல வைத்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமலே தெரிகிறது அந்த ள, அந்தச் சுழி. அஞ்சாம் வகுப்பில் கையெழுத்துக்கு எனக்கு சோப்பு டப்பா பரிசு கொடுத்தார்கள். "யாரு எழுதுனதுன்னுதான் தெரியல. கீழ ஊரார்னு போட்டிருக்கு பாருங்க. எழுத்து எவ்ளோ அழகு லா! அம்மா சொல்லும், அந்தப் புண்ணியவான் குடும்பத்துல யாராச்சும் இருந்தா பாத்து ஒரு நன்றி சொல்லிட்டு வான்னு. இது வரலேன்னா நாங்க செத்தாரா இருக்காரான்னு தெரியாமலே இருந்திருப்போம்ல." நன்றி. புண்ணியவான். இவள் வேண்டுமென்றே பேசுகிறாளோ, எல்லாம் தெரிந்துகொண்டு என்னை வறுக்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வெறும் நல்லவள். நல்லவர்களைப் போல ஆத்திரம் மூட்டுகிறவர்கள் உலகத்தில் கிடையாது. உடனே பேனாவை நீட்டுகிறாள், "உங்க பேரையும் உங்கம்மா பேரையும் நீங்களே எழுதுங்க சின்னம்மா, இதுல எல்லாரும் அவங்கவங்க கையாலதான் எழுதியிருக்காங்க." மடியில் அந்தக் காகிதம், கையில் பேனா. கை நடுங்கும், நீங்களே எழுதிக்குங்க என்றேன். செங்கமலம் என்று என் பேரை அவளே எழுதினாள், கோணல் மாணலாக.

அறுபத்து நாலில் ஒரு நாள். அன்றைக்கு அப்பா டயர் வாங்கத் திருச்சிக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. அதுதான் விஷயம். எப்போதும் கடைக்கு வருகிற மலேயாக் காகிதம், கடை பூட்டியிருந்ததால் போஸ்ட்மேன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் சட்டாம்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன். அன்புள்ள அப்பாவுக்கு மகள் பெரியகாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். எனக்கு ஆவணி மாதம் கலியாணம் வைத்திருக்கிறது. மாப்பிள்ளை நம்ம தோட்டத்தில்தான் லாரி ஓட்டுகிறார். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். கப்பலுக்கு அம்மா பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். நான் அன்புள்ள அப்பாவுக்கு என்பதையே ரெண்டு தரம் படித்தேன், தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து. உள்ளே ஒரு போட்டோ. ஸ்டுடியோவில் எடுத்தது, பின்னால் திரையில் மாளிகை, ரெண்டு சடை, கையில் வாட்ச். அப்பாவின் மூக்கு. அப்பா மலேயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனது தெரியும், ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் சயாமில் ரயில் ரோடு போட வைத்தது தெரியும், முதுகில் தழும்பைக் காட்டியிருக்கிறார். சாகக் கிடந்த தன் தாயைப் பார்க்க நாற்பத்தெட்டில் கப்பலேறி வந்தார், அப்புறம் போகவில்லை, அதுவும் தெரியும். அங்கே ஒரு பெண்டாட்டியும் ஆறு வயசு மகளும் துறைமுகத்துக்கு வந்து வழியனுப்பினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, என் முகத்தில் இருந்த அதிர்ச்சி அவள் முகத்தில் இல்லை. அடுப்பை அணைத்தாள். போஸ்டாபீசுக்குப் போய் நீலக் காகிதம் வாங்கி வரச் சொன்னாள். எழுது, என்றாள். மருதையன் சித்திரை ஒன்பதாம் தேதி செத்துப் போனார். இனிமே காகிதம் போட வேண்டாம். அவ்வளவுதான். அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் நிறுத்தி, செத்துப் போனார் இல்லம்மா, காலமானார்னு எழுதணும் என்று திருத்தினேன். எதனால் என்று எழுத வேண்டாமா என்று கேட்டேன், அவள் அணைந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள், நானாக மஞ்சள் காமாலை என்று எழுதினேன், அந்த வருஷம் தெருவில் எல்லோருக்கும் அதுதான். இன்னும் ரெண்டு விரல் இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்தில் நான் எழுதினேன், அம்மா சொல்லாமல், அம்மாவுக்குத் தெரியாமல், வாட்ச் கட்டின அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுதினேன்: கடைசி வரை உங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்படிக்கு, ஊரார்.

பத்து வயது. பத்து வயதில் என்ன தெரியும் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் வக்கீல் வைத்து வாதாடியாகிவிட்டது. தெரியும். எங்கே குத்தினால் வலிக்கும் என்று பத்து வயதில் தெரிகிற மாதிரி அப்புறம் எந்த வயதிலும் தெரிவதில்லை. இன்னொரு வக்கீலும் இருக்கிறான். அவன் சொல்கிறான், கொன்றது நீயில்லை, அந்த ஆள்தான். பதினாறு வருஷம் வந்த காகிதத்தையெல்லாம் வாங்கி வாங்கிக் கடையில் பஞ்சர் பெட்டிக்கு அடியில் வைத்தவர் ஒரு வரி பதில் போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கு என் காகிதம் பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பதினாறு வருஷமாக அவர் எழுதாமல் செத்திருந்தார், நான் தேதி மட்டும்தான் போட்டேன். நல்ல வாதம். அதற்கப்புறம் காகிதம் வரவில்லை. தினம் பதினொரு மணிக்குக் கடைக்கு முன்னால் போஸ்ட்மேன் போகும்போது அப்பா சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "எதாச்சும் இருக்கா?" என்று ஒரு வருஷம் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார். நான் ஸ்கூலில் இருந்து வந்து அவர் பக்கத்தில் நின்று காற்றடித்துக் கொடுப்பேன், ஒரு தடவை வாயில் வந்துவிட்டது, விழுங்கினேன். என்னிடம் அவர் எந்நாளும் பிரியமாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பார், பார்வை என் மேல் பட்டு வழுக்கி வேறெங்கோ போகும். கடைசி வருஷம் கால் வீங்கி, உடம்பு முழுக்க நீர் கோத்து, படுத்தார். அம்மா கடையைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன். மலம் மூத்திரம் எல்லாம். கரண்டி கரண்டியாகக் கஞ்சி. நினைவு தப்பத் தொடங்கியதும், கரண்டியை வாயருகே கொண்டுபோனால், காண்டி, என்பார். காண்டி வந்துட்டியா. தினம். ரெண்டு மாசம். நான் செங்கமலம்ப்பா என்று முதலில் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். பீயைக் கழுவுகிறவள் நான், பேர் அவளுக்கு. வெடுக்கென்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன், அரை மணி நேரம் பசியோடு விட்டிருக்கிறேன். இதையும் குறித்துக்கொள் யோகேஸ்வரி, அந்த நோட்டில்.

யோகேஸ்வரி பேசிக்கொண்டே இருக்கிறாள். மணி பதினொன்று நாற்பது. இவள் பாட்டி முனியம்மா அந்தக் காகிதம் வந்த அன்றைக்கே வளையலை உடைத்துவிட்டாளாம். அடுத்த நாலாம் மாசம் மகள் கலியாணம். "பாட்டி முன்னுக்கு வரலையாம் சின்னம்மா. அறுத்தவ முன்ன நிக்கக் கூடாதுன்னு அவங்களே போயி லயத்துக்குப் பின்னாடி, தொழிலாளி வீட்டு வரிசை இருக்கும்ல, அதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாங்களாம். கெட்டிமேளச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சாம். அம்மா இன்னிக்கும் அதச் சொல்லி அழும்." நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதைக் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன். என்ன செய்யச் சொல்கிறாள் என்னை? இங்கே அன்றைக்கு அப்பா கடையில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார், அங்கே அவருடைய பெண்டாட்டி விதவையாகிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறாள். வருஷா வருஷம் சித்திரை ஒன்பதுக்குப் படையல் போட்டிருக்கிறார்கள், எட்டு வருஷம் உயிரோடு இருந்த மனுஷனுக்கு. "பாட்டி சாகற வரைக்கும் இந்தக் கடைசி வரியத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லுவாங்களாம். எதாச்சும் மாறியிருக்கான்னு பாக்கற மாதிரி." போதும், என்றேன். சத்தமாக வந்துவிட்டது. அவள் மிரண்டு பார்த்தாள். "தலைவலி. நீங்க லாட்ஜ் ரூமுக்குப் போயி அங்கேருந்து பேசுங்க. இன்னொரு நாள் பாக்கலாம்." பச்சையாக வெளியே போ என்றதுதான். அவளுக்கு அது உறைக்கக்கூட இல்லை. தைலம் எடுத்து நீட்டுகிறாள். "அம்மா காலைலேருந்து சாப்பிடல லா சின்னம்மா. உங்கள பாக்கணும்னு. எழுபத்தேழு வயசு, இன்னொரு நாள்னா எந்த நாள்?" அந்தத் தைல வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ஒரு வழி இருக்கிறது. பேசலாம், ரெண்டு நிமிஷம், சௌக்கியமா, சாப்பிட்டீங்களா, கண் தெரியுதா, அழலாம், அவர்கள் அழுவார்கள், நானும் முந்தானையை எடுத்து ஒற்றிக்கொள்ளலாம், மண்ணைக் கொடுத்து அனுப்பலாம், கதவைச் சாத்தலாம். அம்மா செத்து இருபது வருஷம். அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செத்தால் அதுவும் என்னோடு போய்விடும், சிவப்பு மைக் கோடு அப்படியே நிற்கும். ஐம்பத்தைந்து வருஷம் காத்ததை இருபது நிமிஷம் காக்க மாட்டேனா?

அவள் செல்போன் பன்னிரண்டுக்கு முன்னாலேயே மணியடித்தது, வீடியோ கால். யோகேஸ்வரி அதை பிஸ்கட் டின்னில் சாய்த்து எனக்கு நேராக வைத்தாள். முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது, வெள்ளை முடி, அப்புறம் யாரோ அங்கே போனைச் சரிசெய்தார்கள், முகம் முழுசாக வந்தது. பவுடர் போட்டுத்தான் இருந்தாள். அந்த மூக்கு. எழுபத்தேழு வயதில் அப்பா இருந்திருந்தால் இப்படித்தான், சேலை கட்டிக்கொண்டு. நான் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தேன். "தங்கச்சியா?" என்றாள். குரல் கட்டை. ஆமாம் என்றேன். அழுவாள் என்று காத்திருந்தேன், அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள், தாலுகா ஆபீசில் அதிகாரிகள் மனுவைப் பார்ப்பதுபோல. சௌக்கியமா என்று கேட்கவில்லை, பசியாறியாச்சா என்று கேட்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் இம்புட்டு நாளா உசுர வச்சிருக்கேன். எங்கப்பன் போறப்ப பக்கத்துல யாரு இருந்தா? அநாதையாவா போனாரு?" யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மா இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அநாதை என்ற சொல் என்னை உசுப்பிவிட்டது. ரெண்டு மாசம் மூத்திரத் துணி அலசினவள் நான், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அநாதை என்கிறாள். "நான் இருந்தேன்" என்றேன், கோபமாகவே. "நான்தான் இருந்தேன். தூக்கி உக்கார வச்சது நானு, கஞ்சி ஊத்துனது நானு, திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு டாக்சி வச்சுத் தனியா கூட்டிட்டுப் போனது நானு. அநாதையெல்லாம் இல்ல."

"நீயா?" என்றாள். "உனக்கு அப்ப எத்தன வயசு?"

"பதினெட்டு."

சொல்லிய பிறகுதான் காதில் விழுந்தது. யோகேஸ்வரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு அசைந்தது, கூட்டிக் கழிக்கிறாள். "சின்னம்மா, நீங்க அம்பத்தி நாலுல பொறந்தீங்கன்னு கதிரேசன் தம்பி சொன்னாரு. அறுபத்தி நாலுல..." என்றாள். போனில் அந்த முகம் அசையவில்லை.

"அறுபத்தி நாலுல அவரு சாகல. எழுபத்திரெண்டுல, ஆனி மாசம்."

வாசலில் காஸ் சிலிண்டர் வண்டிக்காரன் இரும்பில் தட்டிக்கொண்டு போனான்.

"அந்தக் காகிதம்?" என்றாள் காண்டி.

"நான் எழுதுனது."

"யாரு எழுதச் சொன்னா? உங்கம்மாளா?"

இதோ, கதவு. அவளே திறந்து வைக்கிறாள். ஆமாம் என்ற ஒரு சொல்லோடு நான் வெளியே போய்விடலாம், செத்தவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. "செத்துட்டாருன்னு எழுதச் சொன்னது அம்மா" என்றேன். "கடைசி வரி அம்மா சொல்லல. அது நானா எழுதுனது."

யோகேஸ்வரி என் மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு, சோபாவில் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்துபோய் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாக்ஸ் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். என்னைச் சின்னம்மா என்று இனி அவள் கூப்பிடப் போவதில்லை. நல்லது, அதைத்தானே காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டியது கிடைத்தவளுக்கு நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

"எங்கம்மா அறுபத்தொம்பதுல போனா" என்றாள் காண்டி. மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல. "வெள்ளச் சீல கட்டித் தூக்குனோம். பொட்டு வைக்கல. பூ வைக்கல. எம் மாமியா ஒரு பூ வச்சா, நான்தான் வேணாம்னு எடுத்துப் போட்டேன். நானே எடுத்தேன். அப்ப அவரு உசுரோட இருந்திருக்காரு."

"இருந்தாரு."

"எங்கம்மா சுமங்கலியாத்தான் போயிருக்கா."

மன்னிச்சிடுங்க என்று வாய் வரைக்கும் வந்தது. முப்பத்தொரு வருஷம் மனுக்களின் அடியில் தயவுகூர்ந்து தயவுகூர்ந்து என்று அடித்த விரல் இது, அந்த மாதிரி ஒரு சொல்லாகத்தான் அது வந்தது, சும்மா அடியில் போடுகிற சொல். இருந்தாலும் சொல்லத்தான் செய்தேன், "என்ன மன்னிச்சு" என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து" என்றாள். அப்பா கடையில் பையன்களை அதட்டுகிற அதே குரல். "ஒன்ன மன்னிக்கறதுக்கு நான் போன் போடல. மன்னிக்கவும் மாட்டேன். செத்து மேல போனா அங்க எங்கம்மா இருக்கா, அவகிட்ட கேட்டுக்க." மூச்சு வாங்கினாள். பின்னால் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிவிட்டாள். "அந்தக் கடைசி வரி நெசமா பொய்யா? அத மட்டும் சொல்லு."

நிஜம் என்று சொல்லிவிட முடியும். சத்தியமாக, அந்தக் கணத்திலும் என் நாக்கு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அந்த ரெண்டு மாசத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது, அவள் கடையில் இருப்பாள். கரண்டியும் நானும் அந்தப் பேரும் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று அவரிடம் என்ன மிச்சம், வீங்கின கால்களைத் தவிர?

"பொய்" என்றேன். "கடைசி ரெண்டு மாசம் ஒங்க பேரத்தான் சொன்னாரு. நான் யாருன்னே தெரியல அவருக்கு. நான் பக்கத்துல போனா நீங்க வந்துட்டதா நெனச்சுக்குவாரு."

அவள் முகம் அப்போதும் இளகவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை, கண்ணீர் அது பாட்டுக்குப் பவுடரில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள், கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன.

"எட்டு வருசம் இருக்கு" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லு. நான் எங்கயும் போகல."

யோகேஸ்வரி நோட்டில் புதுப் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அறுபத்தைந்தில் கடையைப் பெரிசு பண்ணினதிலிருந்தா, எனக்குக் காய்ச்சல் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடினாரே, அதிலிருந்தா? அது என்னுடையது, அதையுமா? அவள் காத்திருந்தாள். அவர் தினம் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் ரோட்டைத்தான் பார்ப்பார், என்று ஆரம்பித்தேன்.